கமிட்டி இல்லாத கடவுள்

"கடவுளுக்கும் எனக்கும் நடுவுல ஒரு கமிட்டி எதுக்குலே?" என்று சித்தப்பா கேட்பார். டீக்கடையில் கேட்பார், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது கேட்பார், ஒருமுறை வீட்டுக்கு வந்த போதகரிடமே கேட்டார். போதகர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே, "அதே கேள்வி எனக்கும் உண்டு, ஆனா சம்பளம் கமிட்டிதான் தருது" என்றார். எங்கள் குடும்பத்தில் இந்த வாக்கியம் கிட்டத்தட்ட சொலவடை ஆகிவிட்டது. எனக்கும் அதில் ஒரு ஈர்ப்பு இருந்தது. இப்போது எங்கள் பக்கத்துப் பையன்கள் பெங்களூரிலிருந்தும் டெக்னோபார்க்கிலிருந்தும் வந்து, "எனக்கு மதம் கிடையாது, ஆன்மிகம் மட்டும்தான்" என்று சொல்லும்போது, இதை எங்கள் சித்தப்பா எவ்வளவோ முன்னாடியே இன்னும் அழகாகச் சொல்லிவிட்டாரே என்று நினைப்பேன். சித்தப்பா போன பிறகுதான் அந்த வாக்கியம் உறுத்த ஆரம்பித்தது. அதைத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. சரி என்று விட்டுவிடவும் முடியவில்லை.

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் இருக்கிறவர்களுக்கு எங்கள் குடும்பத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அப்பாவழித் தாத்தா வீடு கிறிஸ்தவ சபை, ஆச்சி பிறந்த வீடு அய்யா வைகுண்டரைக் கும்பிடும் அய்யாவழி. ஆச்சி கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டாள், ஆனால் அய்யாவின் அவதார நாளான மாசி 20 அன்று அவர் பதி இருக்கும் சாமித்தோப்புக்குப் போகாமல் இருந்ததில்லை. கேரளப் பக்கம் பாறசாலையில் கட்டிக்கொடுத்த அத்தை வீட்டில் கேரளத் துறவி நாராயண குருவின் படம். ஒரே வீட்டுக் கல்யாணத்தில் ஒருத்தர் ஜெபம் பண்ணுவார், இன்னொருத்தர் திருநாமம் இட்டு வந்து நிற்பார், சாப்பாட்டில் எல்லாருக்கும் ஒரே அடைப்பிரதமன். வெளியூர்க்காரர்கள் இதை மத நல்லிணக்கம் என்று வியப்பார்கள். எங்களுக்கு அது சொந்தபந்தம், அவ்வளவுதான். சண்டையும் அதற்குள்ளேயே நடக்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமைப்பாகத் திரண்ட மதத்தை எங்கள் ஊரில் அவ்வளவு எளிதாக ஏளனம் செய்துவிட முடியாது. 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் வந்து இறங்கியதும், அவருக்குப் பின்னால் லண்டன் மிஷன்காரர்கள் கட்டிய பள்ளிக்கூடங்களும் எங்கள் பாட்டிமாரின் பாட்டிமாருக்கு இறையியல் விவகாரமாகப் படவில்லை. தோளில் போட ஒரு துணி, கையெழுத்துப் போட ஒரு பேர், அடிக்க வருகிறவனிடம் "துரைகிட்ட சொல்லுவேன்" என்று சொல்ல ஒரு வாய்: அதுதான் அவர்களுக்கு மதம். நாடார் பெண்கள் மாரை மறைக்கலாம் என்று, அன்று எங்கள் ஊரை ஆண்ட திருவிதாங்கூர் அரசு அறிவிக்க 1859 வரை ஆயிற்று. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று நிபந்தனை. அந்தச் சண்டையைத் தனித்தனியாக உட்கார்ந்து தியானம் செய்து யாரும் ஜெயிக்கவில்லை. கூட்டமாக நின்றார்கள், மனு எழுதினார்கள், அடி வாங்கினார்கள். கூட்டம் என்றால் கணக்கு எழுத ஒரு ஆள் வேண்டும், சாவி வைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். கமிட்டி பிறப்பது அங்கேதான்.

சித்தப்பாவுக்கு இதெல்லாம் தெரியும். அவருக்குத் தேன் தொழில். மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. 1920-களில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து எங்கள் பக்கம் பல குடும்பங்களின் அடுப்பு எரிவது அதனால்தான். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர் விடும் தை, மாசியில், இலைக்காம்பில் ஊறும் தேனை எடுக்கப் பெட்டிகளைத் தோட்டம் தோட்டமாகச் சுமந்துகொண்டு போவார். சபையில் ஒரு காலத்தில் ஓடியாடி வேலை செய்தவர்தான். அப்புறம் ஒரு தேர்தல் வந்தது. சபைத் தேர்தல் எப்படி நடக்கும் என்று எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, சட்டமன்றத் தேர்தல் தோற்றுப்போகும். அண்ணன் தம்பி பேசாமல் போனார்கள், வழக்கு போட்டார்கள், ஆராதனைக்குப் போலீஸ் பாதுகாப்பு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா எழுந்து, என் பேரை வெட்டிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அதன் பிறகு அவர் காலெடுத்து வைத்த இடங்களில் பதிவேடு கிடையாது. மருந்துவாழ்மலைக்குப் போவார். கேரளப் பக்கம் அருவிப்புறம் போவார். தக்கலையில் சூஃபி ஞானி பீர்முகம்மது அப்பா ஆண்டுவிழா இரவில், அவர் எழுதிய ஞானப்புகழ்ச்சியை விடிய விடியப் பாடும்போது வெளியே ஒரு திண்ணையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு முதல் பஸ்ஸில் திரும்புவார். எதிலும் சேரமாட்டார். எதையும் கேலியும் செய்யமாட்டார், கமிட்டியைத் தவிர.

மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள்

சித்தப்பாவுக்குப் பிடித்த இடம் மருந்துவாழ்மலைதான். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில் நிற்கும் மலை. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போகும்போது உதிர்ந்த துண்டு என்பது ஊர்க் கதை. மேலே பிள்ளைத்தடம் குகையில் நாராயண குரு தவம் இருந்திருக்கிறார். சித்தப்பா அந்தக் குகைப் பக்கம் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பார். "குரு இங்கே இருந்தப்போ கூட யாரு இருந்தா? பாம்பும் காத்தும். அதுதான் சாமி கும்பிடுறது" என்பார்.

சரி, அதன் பிறகு குரு என்ன செய்தார் என்று பார்த்தால், அவர் மலையிலேயே இருந்துவிடவில்லை. 1888 சிவராத்திரியன்று அருவிப்புறத்தில் நெய்யாற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுத்து வந்து, சிவலிங்கமாக நிறுத்தினார். பிரதிஷ்டை செய்யும் உரிமை பிராமணர்களுக்கு மட்டும் என்றிருந்த நாட்டில் ஓர் ஈழவர் செய்த காரியம். அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் சேர்ந்தார்கள். வாவூட்டு யோகம் என்று பெயர். வாவு என்றால் அமாவாசை, ஊட்டு என்றால் சோறு போடுவது, யோகம் என்றால் சங்கம். அமாவாசைக்கு அமாவாசை அன்னதானம் செய்யக் கூடிய அந்தக் கூட்டம்தான் வளர்ந்து 1903-இல் எஸ்.என்.டி.பி. (ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன) யோகம் ஆனது. குருவே அதற்கு நிரந்தரத் தலைவர். சித்தப்பா உட்கார்ந்திருந்த குகையிலிருந்து நூல் பிடித்துப் போனால் நேராக ஒரு கமிட்டியில்தான் போய் முட்டுகிறோம். அந்தக் கமிட்டி ஆரம்பித்த காரணமோ சோறு.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் சித்தப்பாவோடு சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். முடியவில்லை. 1916-இல் குரு, யோகத்தை நிறுவியவர்களில் ஒருவரான டாக்டர் பல்புவுக்குக் கடிதம் எழுதி அந்த யோகத்திலிருந்து விலகிக்கொண்டார். சாதியை ஒழிக்கத் தொடங்கிய அமைப்பு ஒரு சாதிச் சங்கமாகச் சுருங்குகிறது என்ற மனக்கசப்பு. தமக்குச் சாதியும் இல்லை மதமும் இல்லை என்று அறிக்கை விட்டதும் அதே ஆண்டுதான். இந்த இடத்தை சித்தப்பா ரசித்துச் சொல்வார். "பாத்தியா, அவருக்கே கமிட்டி ஒத்துவரல்ல." அவர் சொல்லாமல் விட்டது: 1928-இல், தம் கடைசி ஆண்டில், அதே குரு தர்ம சங்கம் என்று இன்னொரு அமைப்பை ஏற்படுத்தினார். சந்நியாசிகளுக்கானது, ஆனாலும் அமைப்பு அமைப்புதானே. ஒன்றில் கையைச் சுட்டுக்கொண்டவர் ஏன் இன்னொன்றைத் தொட்டார்? அதற்கு முந்தின ஆண்டு களவங்கோட்டில் விக்கிரகத்துக்குப் பதிலாகக் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தவர். உன்னையே பார்த்துக்கொள் என்று கண்ணாடியை வைத்துவிட்டு, அந்தக் கண்ணாடியைத் தினமும் துடைக்க ஆள் வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கண்ணாடி என்றதும் எங்கள் ஆச்சி முகத்தைச் சுளிப்பாள். "அது எங்க அய்யா அதுக்கு முன்னாடியே வெச்சதாக்கும்." அவள் சொல்வதும் நியாயம்தான். வைகுண்டரும் தவத்தில்தான் ஆரம்பித்தார், தனியாக. ஆனால் அவர் சொன்ன வழியில் நடந்தது என்ன? எல்லாச் சாதியும் ஒன்றாக நீர் இறைத்துக் குளித்த முத்திரிக் கிணறு. பல நூறு குடும்பங்கள் கடற்கரையில் கூடி, துவைத்துக் குளித்து, ஒன்றாகச் சமைத்து ஒருவேளை உண்டு கிடந்த துவையல் தவசு. தவம் என்ற ஒற்றை ஆள் காரியத்தை ஊரே சேர்ந்து செய்யும் காரியமாக ஆக்கிவிட்டார். திருவிதாங்கூர் ராஜா அவரைப் பிடித்து சிங்காரத்தோப்பில் அடைத்தது அவரைச் சுற்றி ஊர் கூடியதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன். தனியாகக் கண்மூடி உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனைப் பார்த்து எந்த ராஜாவும் பயப்படப் போவதில்லை. பூசாரி வேண்டாம், காணிக்கை வேண்டாம் என்று சொன்ன அந்த வழியிலும் இன்று சில தாங்கல்களில், அதாவது ஊர் வழிபாட்டிடங்களில், யார் பணிவிடை செய்வது, யார் கணக்கு வைப்பது என்று பஞ்சாயத்து நடக்கத்தான் செய்கிறது. ஆச்சி இருந்து இதைக் கேட்டிருந்தால் என்னை அடித்திருப்பாள்.

சாவு வீடு

சித்தப்பா இறந்தது ஐப்பசி மழையில். மகன் துபாயிலிருந்து வரவேண்டும். உடலை ஃப்ரீசர் பெட்டியில் வைத்துவிட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு ஆண்கள் பேச ஆரம்பித்தோம். எங்கே அடக்கம்?

சபைக் கல்லறைத் தோட்டம் அரை கிலோமீட்டரில் இருக்கிறது. சித்தப்பாவின் அப்பா, அம்மா, சின்ன வயதில் போன ஒரு தங்கை, எல்லாரும் அங்கேதான். செயலாளர் வந்தார். துக்கம் விசாரித்தார், தேயிலைத் தண்ணி குடித்தார், அப்புறம் குரலைத் தாழ்த்தி, பேர் பதிவேட்டில் இல்லையே, மேலே எழுதிக் கேட்கணும், நேரம் எடுக்கும் என்றார். கெட்ட மனிதரும் இல்லை. அவர் சொன்ன முறை அப்படியே ஒரு கூட்டுறவு வங்கி மேலாளருடையது. ஆச்சி வழி உறவில் தாங்கல் பெரியவர் ஒருவர், "நாங்க செய்றோம், வடக்கு பாத்து வெச்சிருவோம்" என்றார். பாறசாலை மாமா திருவனந்தபுரம் தைக்காடு சாந்தி கவாடத்துக்குக் கொண்டுபோகலாம், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார். விமானத்துக்குக் காத்திருந்த மகன் போனில், "அப்பாவுக்கு எதுலயும் நம்பிக்கை இல்ல, எங்க வேணும்னாலும் செய்யுங்க, பாட்டும் ஜெபமும் மட்டும் வேண்டாம்" என்றான். நம்பிக்கை இல்லை என்பது சரியில்லை. எங்களில் யாரைவிடவும் சித்தப்பாவுக்கு நம்பிக்கை அதிகம். ஆனால் அந்த நம்பிக்கையை மகனுக்கு அவர் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

கடைசியில் வீட்டைச் சுற்றிய சொந்தப் புரையிடத்திலேயே, தேன் பெட்டிகள் இருந்த ரப்பர் மர மூட்டில் குழி வெட்டினார்கள். வெட்டியவர்கள் சபை வாலிபர்கள். கமிட்டியிடம் யாரும் கேட்கவில்லை. போதகர் அங்கி இல்லாமல், சட்டையும் வேட்டியுமாக வந்து கூட்டத்தின் பின்னால் நின்றார். மகன் வந்து சேர்ந்தான். உடலை இறக்கினோம். அப்புறம் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த நேரம் மிகச் சிறியதுதான். எனக்கு அது நீண்டுகொண்டே போனது. சபை அடக்கமாக இருந்திருந்தால் மண்ணுக்கு மண் என்று ஒரு குரல் சொல்லியிருக்கும், எல்லாரும் ஒரு பிடி மண் போட்டிருப்போம். தாங்கல் ஆட்கள் செய்திருந்தால் அரகரா என்று ஒரு சத்தம் எழுந்திருக்கும். இங்கே எதுவும் இல்லை. மழைத் தூறல், குடைகள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நாங்கள். சித்தி என் கையைப் பிடித்து, அழாமல், சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள்: "மக்ளே, இப்போ நான் என்ன செய்யணும்?"

யாரும் பதில் சொல்லவில்லை. பின்னாலிருந்து பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மா ஒருவர் முன்னால் வந்து சித்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய குரலில் ஒரு கீர்த்தனையை எடுத்தார். இரண்டாவது வரியில் மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவது வரியில் சித்தியும் பாடினாள். மகன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்குக் கோபம். அப்பாவின் கடைசி ஆசையை மீறிவிட்டார்கள் என்று இன்றுவரை சொல்கிறான்.

அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சித்தியின் கேள்விக்கு அவனிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை, குழிக்குள் இருந்தவரிடமும் இல்லை. சித்தப்பாவின் ஆன்மிகத்தில் சித்திக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. அது அவரோடு ஆரம்பித்து அவரோடு முடிகிற விஷயம். மலைக்குப் போனால் அவர் திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும், அதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்தத் தெளிவில் ஒரு துளியைக்கூட இன்னொருத்தர் கையில் ஊற்ற அவரிடம் பாத்திரம் இல்லை. ஞானப்புகழ்ச்சியை அவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்க முடிந்தது எப்படி? பீர்முகம்மது அப்பாவின் காலத்துக்குப் பிறகும் ஒரு ஜமாஅத் வருஷம் தவறாமல் கூடி, சின்னப் பையன்களைப் பக்கத்தில் உட்கார்த்தி அதைப் பாடிப் பாடிக் காப்பாற்றியதால். ஞானி பாடினார், சரி. நினைவு வைத்துக்கொண்டவர்கள் சந்தா கட்டியவர்கள்.

நாட்கள் போகப்போக வேறொன்றும் கண்ணில் பட்டது. சித்தப்பா மலைக்குப் போகும் நாட்களில் விடியற்காலை சோறு கட்டிக் கொடுத்தது சித்தி. அவர் குகைப் பக்கம் உட்கார்ந்திருந்த நேரத்தில் தேன் வாங்க வருகிறவனிடம் விலை பேசியது சித்தி. மழைக்காலத்தில் பூ இல்லாதபோது ஈக்களுக்குச் சர்க்கரைத் தண்ணி வைத்ததும் அவள்தான். எல்லாவற்றையும் விட்டுத் தனியாகப் போய் உட்கார்வது பெரும்பாலும் வீட்டில் இன்னொருத்தர் இருக்கிற ஆண்களுக்குத்தான் வாய்க்கிறது. சித்திக்கு அப்படி ஒரு மலை கிடையாது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், வழக்கமான அந்தப் பெஞ்சில் உட்காரும் நேரம்தான் அவளுக்கு யாரும் கூப்பிடாத நேரம். நாம் அமைப்பு என்று கையைக் காட்டுகிற இடத்துக்குள்தான் அவளுடைய தனிமை இருந்திருக்கிறது. கமிட்டியைப் பற்றிக் கேட்டால் சித்தப்பாவைவிடக் கடுமையாகப் பேசுவாள். "கமிட்டிக்காரன் வருவான், போவான், தின்னுட்டுப் போவான். பெஞ்சு அங்கதான கிடக்கும்" என்பாள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்தச் செயலாளரின் பதிவேட்டை நான் மறந்துவிட முடியாது. அந்த ஊரில் பிறந்து, அந்தச் சபைக் கட்டடத்துக்குத் தலையில் கல் சுமந்த ஒருவருக்கு ஆறடி மண் கொடுக்க மேலே எழுதிக் கேட்க வேண்டும் என்று சொல்ல முடிகிறதென்றால், அவர் அதை விட்டு வெளியே போனதில் என்ன தப்பு? காற்றாடிமலையைத்தான் பாருங்கள். கிறிஸ்தவராக மாறிய தேவசகாயம் 1752-இல் அங்கே சுடப்பட்டு இறந்தார். ரோம் அவரைப் புனிதர் என்று அறிவித்தது 2022-இல். நடுவில் 270 வருஷம். அதற்கு எவ்வளவோ முன்பே எங்கள் மாவட்டத்து ஜனங்கள் அந்தப் பாறைக்குப் போய் மெழுகுவத்தி கொளுத்த ஆரம்பித்துவிட்டார்கள், யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்கவில்லை. அமைப்பு எப்போதும் பின்னால்தான் வந்து சேர்கிறது, வந்ததும் சாவியைக் கேட்கிறது. பெங்களூர்ப் பையன்களிடம் நான் வாதாடாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். ஆனால் அவர்களிடம் ஒன்று மட்டும் கேட்கத் தோன்றும்: நீ போன பிறகு உன் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறாயா? எதுவும் வேண்டாம் என்பதும் ஒரு பதில்தான், அதையாவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், ஒருத்தரிடமாவது.

ஆண்டு திரும்பியபோது சபையில் எல்லாருக்கும் சாப்பாடு போடும் அசனம் வந்தது. சித்தி இரண்டு மூட்டை அரிசி கொடுத்தாள், சித்தப்பா நினைவாக. யாரும் பதிவேட்டைப் புரட்டவில்லை, அரிசிக்கு அது தேவைப்படவில்லை போல. துபாயிலிருந்து மகன் வீடியோ அழைப்பில் கத்தினான். "அப்பா பேரை வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தாரும்மா. அவர் பேர்ல எப்படிக் குடுக்கலாம்?" சித்தி போனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே வருஷவாரியாகச் சந்தா ரசீதுகள். "அவரு பேரை அவரு வெட்டினாரு. இது என் பேரு. இத்தனை வருஷம் தேன் வித்த காசுலதான் கட்டினேன், அவருக்கும் தெரியும்." சித்தப்பாவுக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அசனத்துக்கு ஆள் எவ்வளவு வந்தது, அரிசி போதியதா என்று கேட்டான்.